ஏடு காத்தவரின் ஒற்றைப் படம்

அம்மா ஒரு படத்தைக் கேட்டார். அவருடைய அப்பா, அதாவது என் அம்மப்பா, பள்ளிக்கூடத்து முற்றத்தில் மற்ற ஆசிரியர்களோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். எங்கள் நீர்வேலி வீட்டு நடு அறைச் சுவரில் அது தொங்கியது. 1995 ஒக்டோபர் கடைசியில் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. அரிசி, உடுப்பு, அடையாள அட்டைகள், அம்மம்மாவின் மருந்துப் பை எல்லாம் சைக்கிளில் ஏறின. படம் சுவரிலேயே நின்றது. இரண்டு நாளில் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சி போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரை இல்லை. சுவர் இருந்தது, ஆணி இருந்தது. படமும் இல்லை, பெட்டகத்தில் இருந்த அல்பங்களும் இல்லை.

இந்தக் கதை எனக்கு மட்டுமானதல்ல. இதை வாசிக்கிற பலருக்கும் அவரவர் வீட்டுச் சுவரும் ஆணியும் நினைவுக்கு வரும்.

அந்தப் படத்தின் இன்னொரு பிரதி எங்காவது இருக்குமா என்று தேடத் தொடங்கினேன். உறவினர்களிடம் கேட்டேன். பழைய பள்ளிக்கூட மலர்களைப் புரட்டினேன். பிறகு நூலக நிறுவனத்தின் இணையத் தளத்துக்குப் போனேன். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய அந்த எண்ணிம நூலகம் ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், மலர்களை வருடி யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அதன் ஆவணகத்தில் ஒளிப்படங்களும் உண்டு. கோயில்கள், வீதிகள், பள்ளிக்கூடங்கள், யாரென்று இப்போது யாருக்கும் தெரியாத முகங்கள். இரவு இரண்டு மணி வரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அம்மப்பா கிடைக்கவில்லை.

ஆனால் அந்தத் தேடலில் ஒரு முகம் திரும்பத் திரும்ப வந்தது. தலைப்பாகை, கோட்டு, நேரே பார்க்கிற பார்வை. பழைய மலர்களில், பாடப்புத்தகங்களில், நினைவுக் கட்டுரைகளில் நான் கண்டதெல்லாம் ஏறத்தாழ அதே தோற்றம்தான். படியெடுத்துப் படியெடுத்து, சில அச்சுகளில் கண்ணும் மூக்கும் வெறும் மைத்திட்டாக மாறிவிட்டன. அவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். நீர்வேலியிலிருந்து பருத்தித்துறை வீதியால் புத்தூர்ப் பக்கம் போனால், வாழைத் தோட்டங்கள் முடிவதற்குள் சிறுப்பிட்டி வந்துவிடும். அந்தச் சிறுப்பிட்டியின் சி. வை. தாமோதரம்பிள்ளை.

பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, பதிப்பித்த நூல்கள். ஐந்து புள்ளிக்கான கேள்வி அது. அவர் உண்மையில் என்ன செய்தார் என்பது, என் சொந்த வீட்டில் ஒரு படத்தைத் தேடித் தோற்ற பிறகுதான் எனக்கு விளங்கியது.

சிறுப்பிட்டியிலிருந்து சென்னைக்கு

தாமோதரம்பிள்ளை 1832 செப்ரெம்பர் 12இல் சிறுப்பிட்டியில் பிறந்தார். தந்தை வைரவநாதபிள்ளை, தாய் பெருந்தேவி. ஒளிப்படம் என்ற ஒன்று சாத்தியம் என்று பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல்; அப்போது இவர் ஆறு வயதுப் பிள்ளை. அவருடைய சிறுவயது முகம் எப்படி இருந்தது என்று காட்ட எந்தப் படமும் இருக்க வழியில்லை.

ஆரம்பத் தமிழைத் தந்தையிடமும், இலக்கிய இலக்கணங்களைச் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடமும் கற்றார். ஆங்கிலக் கல்விக்குத் தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலை. பிறகு 1844இல், பன்னிரண்டு வயதில், வட்டுக்கோட்டைச் செமினரியில் சேர்ந்தார். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய அந்த உயர்கல்விக்கூடத்தில் கணிதம், வானியல், மெய்யியல், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் முறையாகக் கற்பிக்கப்பட்டது. எட்டு வருடங்கள் அங்கே படித்தார். அவர் வெளியேறி மூன்று வருடங்களில், 1855இல், செமினரி மூடப்பட்டது.

1852இல் கோப்பாயில் ஆசிரியரானார். நீர்வேலியிலிருந்து பார்த்தால் கோப்பாய் ஒரு பக்கம், சிறுப்பிட்டி மறுபக்கம். அந்த வீதியால்தான் அவர் போய் வந்திருக்க வேண்டும். நானும் பள்ளிக்கூடத்துக்கு அதே வீதியால்தான் சைக்கிள் மிதித்தேன். அந்த வயதிலேயே அவருக்குப் பதிப்பு ஆசை பிடித்துவிட்டது. இருபதுகளின் தொடக்கத்தில் குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையோடு வெளியிட்டார்.

யாழ்ப்பாணத்தில் பல காலம் பணியாற்றி, பின்னர் சென்னைக்குப் போன பேர்சிவல் பாதிரியார் அங்கே தினவர்த்தமானி என்ற பத்திரிகையை நடத்தினார். அதன் ஆசிரியர் வேலைக்குத் தாமோதரம்பிள்ளையை அழைத்தார். அவர் கடல் கடந்தார். அங்கிருந்து அவருடைய வாழ்க்கை வேகமெடுத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் பி.ஏ. பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை. மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள் என்பதைவிட எனக்குப் பிடித்த செய்தி, விசுவநாதபிள்ளை வட்டுக்கோட்டையில் இவருக்குக் கற்பித்தவர் என்பது. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒரே பரீட்சை எழுதிச் சித்தியடைந்தார்கள்.

அதன் பிறகு கள்ளிக்கோட்டையில் அரச பாடசாலையில் வேலை. பிறகு சென்னை அரசாங்கத்தின் கணக்குப் பகுதியில் உயர் பதவி. அந்த வேலையில் இருந்துகொண்டே சட்டம் படித்து 1871இல் பி.எல். பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் உயர் நீதிமன்ற நீதிபதி. 1895இல் அரசாங்கம் ராவ் பகதூர் பட்டம் கொடுத்தது. படத்தில் இருக்கும் தலைப்பாகையும் கோட்டும் இந்த உத்தியோக வாழ்க்கையின் உடுப்பு.

இதோடு கதை முடிந்திருந்தால், வெளியூர் போய் நன்றாக வந்த இன்னொரு யாழ்ப்பாணத்தவர் என்ற அளவில் அவரை நாங்கள் மறந்திருப்போம். அவர் பகலில் கணக்கும் வழக்கும் பார்த்தார். மிச்ச நேரத்தையும் மிச்சக் காசையும் வேறொன்றுக்குக் கொடுத்தார்.

கையில் எடுத்தால் உதிரும் ஏடு

பனையோலை ஏட்டுக்கு ஆயுள் உண்டு. நன்றாகப் பேணினால் இருநூறு, முந்நூறு வருடம். ஈரம், கறையான், இராமபாணப் பூச்சி இவற்றுக்கு அகப்பட்டால் அதுவும் இல்லை. அதனால் ஒரு ஏடு சாகுமுன் இன்னொரு ஏட்டில் பிரதி செய்ய வேண்டும். இந்தச் சங்கிலி ஒரு தலைமுறையில் அறுந்தாலும் நூல் போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பல இடங்களில் அறுந்துகொண்டிருந்தது. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் என்ற காலம். ஏடு எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஏட்டை வாசிக்கத் தெரியவில்லை. பரணில் கிடந்து செல்லரித்தவை ஒரு பக்கம். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவையும் அடுப்பில் எரித்தவையும் இன்னொரு பக்கம்.

தாமோதரம்பிள்ளை இதைத் தன் கையாலேயே கண்டார். தேடிப் பிடித்த ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் ஓலை ஒடிகிறது, புரட்டினால் துண்டாகிறது என்று அவர் தன் பதிப்புரையில் வேதனையோடு எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை நான் சொல்லுக்குச் சொல் இங்கே தரவில்லை. முதன்முறை வாசித்தபோது எனக்குள் எழுந்தது எங்கள் வீட்டு வெறுஞ்சுவர்தான்.

ஏடு கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அங்கேதான் தொடக்கம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பது வடிவத்தில் தெரியாது. அரவும் காலும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று காட்டும் அடையாளமும் இல்லை. பிரதி செய்தவர் விட்ட பிழைகள் வேறு. ஒரே நூலின் பல ஏடுகளைத் தேடி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது சரியா அது சரியா என்று ஒவ்வொரு சொல்லுக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரு வகையில் அதுவும் நீதிபதி வேலைதான். சாட்சிகள் எல்லாம் சிதைந்தவர்கள், ஒருவருக்கொருவர் முரண்படுபவர்கள் என்பதுதான் வித்தியாசம்.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார். நல்லூர் ஆறுமுக நாவலர் அதைப் பரிசோதித்துக் கொடுத்தார். நாவலர் அவருக்குப் பத்து வயது மூத்தவர். ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொண்டுவரும் பணியில் வழிகாட்டி. 1879இல் நாவலர் காலமானார். அந்தப் பணி அப்படியே நின்றுவிடுமோ என்ற நிலையில் தாமோதரம்பிள்ளை அதைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார்.

அதற்குப் பின் வந்த பதினொரு வருடங்களின் பட்டியலை ஆண்டோடு பார்த்தால்தான் அவருடைய வேகம் தெரியும். 1881இல் வீரசோழியம். 1883இல் இறையனார் அகப்பொருள் உரையும் தணிகைப் புராணமும். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், நச்சினார்க்கினியர் உரையோடு. 1887இல் கலித்தொகை. 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். 1891இல் எழுத்ததிகாரம். 1892இல் சொல்லதிகாரத்துக்கு நச்சினார்க்கினியர் உரை.

இதில் கலித்தொகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சங்க இலக்கியத்தின் எட்டுத்தொகை நூல்களில் முதலில் அச்சேறியது அதுதான். இன்று புறநானூறும் குறுந்தொகையும் எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன, மேடையில் முழங்குகின்றன. 1887க்கு முன் எட்டுத்தொகையில் ஒரு நூலைக்கூட அச்சுப் புத்தகமாகக் கடையில் வாங்க முடியாது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வீரசோழியமும் சூளாமணியும் எனக்கு இன்னொரு காரணத்துக்காக முக்கியம். வீரசோழியம் புத்தமித்திரர் செய்த இலக்கணம். பெயரே அவர் சமயத்தைச் சொல்கிறது. சூளாமணி சமணக் காப்பியம். தாமோதரம்பிள்ளையோ மிஷன் கல்வியில் கிறிஸ்தவராக வளர்ந்து, பின்பு சைவத்துக்குத் திரும்பி, சைவ மகத்துவம் என்று நூலும் எழுதியவர். தன் சமயத்தில் அத்தனை பிடிப்புள்ளவர், அழிகிற ஏடு எந்தச் சமயத்தது என்று பார்த்து ஒதுக்கவில்லை. தமிழில் எழுதப்பட்டது, அழியப்போகிறது, அது போதும் அவருக்கு. அவருடைய மகன்களில் ஒருவரான அழகசுந்தரம் பின்னாளில் கிறிஸ்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் தமிழறிஞராக விளங்கினார் என்பதும் இந்தக் குடும்பக் கதையின் பகுதி.

குறை சொல்லவும் இடம் உண்டு. அவர் பதிப்புகளில் பிழைகள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் இன்னும் நல்ல ஏடுகள் கிடைத்துத் திருத்தினார்கள். அவர் கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில் அங்குள்ள கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் உ. வே. சாமிநாதையர். இருபத்திரண்டு வயது இளையவர். சீவக சிந்தாமணியை யார் பதிப்பிப்பது என்பதில் இருவருக்கும் இடையில் உரசல் இருந்தது. கடைசியில் சாமிநாதையர்தான் 1887இல் அதை வெளியிட்டார். அதே வருடம்தான் இவருடைய கலித்தொகையும் வந்தது. அழிந்துகொண்டிருந்த ஒன்றை மீட்க இரண்டு பேர் போட்டி போட்டதில் நட்டப்பட்டது யாருமில்லை. நாங்கள் இருவருடைய புத்தகங்களையும் வாசிக்கிறோம்.

காசு விஷயத்தில் அவருக்கு நட்டம்தான். ஏடு தேட, பிரதி செய்ய, அச்சடிக்கக் கைப்பணம் போட்டார். வாங்குவோர் குறைவு. அவருடைய பதிப்புரைகளை 1971இல் தாமோதரம் என்ற பெயரில் யாழ்ப்பாணத்தில் தொகுத்து வெளியிட்டார்கள். அதை வாசித்தால் ஒரு மனிதர் தமிழரிடம் மன்றாடுவது கேட்கும். அவருக்குக் கோபமும் வரும். தன் வீட்டில் ஏடு இருந்தும் தர மறுத்தவர்கள், வாங்கிப் போய்த் திருப்பித் தராதவர்கள், எடுத்த காரியத்தில் குற்றம் மட்டும் கண்டவர்கள் எல்லோரும் அந்தப் பக்கங்களில் பெயரில்லாமல் வந்து போகிறார்கள்.

ஊரையும் அவர் மறக்கவில்லை. 1876இல் ஏழாலையில் ஒரு சைவப் பாடசாலையை நிறுவினார். சுன்னாகம் குமாரசாமிப் புலவர் அங்கே கற்பித்தார். தாமோதரம்பிள்ளை கடைசிக் காலத்தைச் சென்னைப் புரசைவாக்கத்தில் கழித்தார். 1901 ஜனவரி முதலாம் திகதி, இருபதாம் நூற்றாண்டின் முதல் நாளில், அறுபத்தெட்டு வயதில் காலமானார்.

எரிந்ததும் எரியாததும்

அவர் இறந்து எண்பது வருடங்களின் பின், 1981 மே 31 இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 புத்தகங்கள், அவற்றோடு ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கி, 1934இல் வாடகை அறையொன்றில் 844 புத்தகங்களோடு திறக்கப்பட்ட சிறு நூலகம்தான் அப்படி வளர்ந்திருந்தது. எரிவதைக் கண்ட தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் விட்டார். அந்த இரவைப் பற்றி எங்கள் வீட்டில் பேசாத வருடமில்லை. நான் அப்போது பிறந்திருக்கவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். அன்று எரிந்த அலுமாரிகளில் தொல்காப்பியம் நிச்சயம் இருந்திருக்கும். கலித்தொகை இருந்திருக்கும். ஆனாலும் அந்தத் தீயில் தொல்காப்பியம் அழியவில்லை. கலித்தொகை அழியவில்லை. உலகத்தில் ஆயிரம் வீடுகளில், நூறு நூலகங்களில் அவற்றின் பிரதிகள் இருந்தன. அச்சேறியது தப்பியது. ஒரே ஒரு பிரதியாக இருந்ததுதான் என்றைக்குமாகப் போனது. சிறுப்பிட்டிக்காரர் நூறு வருடத்துக்கு முன்பே செய்து வைத்த வேலையின் பெறுமதி இதுதான்.

எங்கள் படங்கள் எல்லாம் ஒற்றை ஏடுகள். ஸ்ரூடியோவில் எடுத்த கலியாணப் படம், பூப்புனித நீராட்டு விழாப் படம், பள்ளிக்கூடக் குழுப் படம், வெளிநாட்டுக்கு அனுப்பவென்று எடுத்த கடவுச்சீட்டுப் படம். நெகட்டிவ் ஸ்ரூடியோவில் இருக்கும் என்று நம்பியிருந்தோம். ஸ்ரூடியோவும் இடம்பெயர்ந்தது.

சில வீடுகளில் அந்த ஒற்றைப் படம் வெறும் நினைவுப்பொருள் அல்ல. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். செய்தி சேகரிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் நான் முதலில் காண்பது அம்மாக்களின் கையில் உள்ள படங்களைத்தான். பொலித்தீன் உறையில் போட்டு, மழையிலும் வெயிலிலும் தூக்கிப் பிடித்து, மை மங்கி, முகம் வெளிறிப் போன படங்கள். இப்படி ஒரு பிள்ளை இருந்தது என்பதற்கு அந்தத் தாயிடம் உள்ள சாட்சி அது. பல தாய்மார் அந்த வீதியோரத்திலேயே பதில் கிடைக்காமல் இறந்துபோனார்கள். அவர்களுக்குப் பின் அந்தப் படத்தை யார் வைத்திருப்பது, அதில் இருப்பவர் யாரென்று யார் சொல்வது?

ஆகவே இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தாமோதரம்பிள்ளை ஏடு கேட்டு மன்றாடியதுபோல வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மிஞ்சிய படங்களை வெளியே எடுங்கள். உயிரோடு இருக்கும் மூத்தவர்களோடு உட்கார்ந்து, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், ஏறத்தாழ எந்த வருடம் என்று கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனை வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். ஒட்டும் பசைத்தாள் அல்பங்களில் உள்ள படங்கள் பழுதாகின்றன. முடிந்தால் மெதுவாகக் கழற்றிக் காகித உறையில் வையுங்கள். ஒட்டிப்பிடித்திருந்தால் இழுக்காதீர்கள், இருந்தபடியே படியெடுங்கள். லமினேற் செய்ய வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. வருடியில் 600 புள்ளி அடர்த்தியில் படியெடுத்தால் பெரிதாக்கிப் பார்க்கலாம். வருடி இல்லையென்றால், யன்னல் வெளிச்சத்தில் படத்தைத் தட்டையாக வைத்துக் கைபேசியால் நேர்மேலிருந்து எடுத்தாலும் இல்லாததைவிட நல்லது. படியை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒன்று வீட்டில், ஒன்று வெளிநாட்டில் உள்ள உறவிடம், ஒன்று பொதுவில் பேணும் நூலகத்தில். காணாமல் ஆக்கப்பட்டவரின் படமானால், எங்கே எப்படிப் பகிர்வது என்பதைக் குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் படியெடுத்து வைப்பதற்குத் தயங்க வேண்டாம்.

உள்ளூர்ப் பொது நூலகங்கள் இதில் செய்யக்கூடியது நிறைய. எங்கள் ஊர்களில் பத்திரிகை வாசிக்கும் மண்டபமாகச் சுருங்கிப்போன நூலகங்களில் ஒரு வருடியும், ஒரு மேசையும், வாரத்தில் ஒரு நாளும் ஒதுக்கினால் போதும். சனம் தங்கள் அல்பத்தோடு வரும், படியெடுத்துவிட்டு மூலத்தைத் திரும்பக் கொண்டுபோகும். தாமோதரம்பிள்ளைக்குக் கிடைக்காத வசதி இது. அவர் ஏட்டை வாங்கிப் போய் மாதக்கணக்காக வைத்திருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் பலர் கொடுக்கப் பயந்தார்கள். எங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

கடைசியாக, அம்மப்பாவின் படம் பற்றி. அது இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் போன மாதம் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா கனடாவிலிருந்து ஒரு படத்தைக் கைபேசியில் அனுப்பினார். 1970களில் ஒரு கலியாண வீடு. மணவறைக்குப் பின்னால், கூட்டத்தில், பாதி முகம் தூணில் மறைய ஒருவர் நிற்கிறார். அம்மா கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். சால்வை போட்டிருக்கிற விதத்தைப் பார்த்து அப்பாதான் என்கிறார். பெரியம்மா அது வேறு ஒரு மாமா என்கிறார். இரண்டு சாட்சிகள், இரண்டு பாடங்கள். அந்தக் கலியாண வீட்டுக்குப் போன வேறு யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.